ஜன்னலுக்குப் பெயர் வைத்தவர்

"டெர்மினல். டெர்மினல். டெர்மினல்." அக்காவின் கணினியிலிருந்து வந்த அந்தத் தட்டையான குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. திருப்பத்தூரில் நாங்கள் வேலை பார்த்த சிறிய அலுவலகத்தில் அவர் எனக்கு மூத்தவர். ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஜவ்வாது மலைக்காரர்கள் விற்கும் புளிக்கும் தேனுக்கும் கணக்கு வைக்கும் கணினியை, அலுவலகத்தில் இருந்தபடியே கட்டளைகள் தட்டிப் பராமரிப்பது அவர் பொறுப்பு. பார்வை மெல்ல மங்கி, பிறகு முழுவதும் போயிற்று. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் பழகிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஆனால் திரையில் கட்டளை தட்டும் ஜன்னல்கள் அத்தனைக்கும் 'டெர்மினல்' என்ற ஒரே தலைப்புதான். எது உண்மைக் கணக்கு இருக்கும் அசல் கணினி, எது பரிசோதனைக் கணினி என்று அந்தக் குரல் சொல்லவில்லை.

ஒருநாள் பரிசோதனைக் கணக்குகளை அழிக்கப் போனவர், அசல் கணினியின் ஜன்னலில் கட்டளையைத் தட்டிவிட்டார். "அக்கா, என்டர் தட்டாதீங்க!" என்று நான் கத்தியதில் அவர் விரல் நின்றது. மேலாளரும் பார்த்துவிட்டார்.

"போன் எடுக்கிற வேலைக்கு மாறிக்கிங்கம்மா. சம்பளம் கொறையாது," என்றார், நல்ல மனதோடுதான்.

"வாணாம் சார். எனக்குக் கண்ணு தெரியல, வாஸ்தவம். ஆனா அந்த ஜன்னலுக்குப் பேரே இல்லையே. பேரு வச்சிட்டு வர்றேன்."

கட்டளைகளை ஏற்கும் ஷெல் என்ற நிரல், தொடங்கும்போது படிக்கிற அமைப்புக் கோப்பில் சில வரிகள் எழுதினார். ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் தலைப்பு தானாக மாறி, கணினியின் பெயரையும் அப்போது நிற்கும் கோப்புறையையும் சொன்னது. எனக்கு ஒரே சந்தோஷம். அக்காவுக்கு இல்லை. அசல் கணினிக்குள் நுழைந்த பிறகும் தலைப்பு அவருடைய சொந்தக் கணினியின் பெயரிலேயே நின்றது. "பொய் சொல்ற பேருக்கு, பேரு இல்லாததே தேவலை," என்றார். அதே வரிகள் அந்தக் கணினிகளிலும் இருக்க வேண்டும். பரிசோதனைக் கணினிக்கு மட்டும் மேலாளர் சம்மதித்தார். அசலைத் தொட விடவில்லை. அக்கா தினமும் போய்க் கேட்டார். கடைசியில் மேலாளர் இறங்கி வந்தார்.

வரிகளை ஏற்றிய அன்று மேலாளரே வந்து ஜன்னல்களை இடம் மாற்றி வைத்தார். "இப்ப பரிசோதனைக் கணக்கை அழிங்க, பார்ப்போம்." அக்கா ஒரு ஜன்னலுக்குத் தாவினார். குரல் பெயரைச் சொன்னது. உடனே விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "இது அசல் சார்." அடுத்ததற்குத் தாவினார், கேட்டார், அழித்தார். மேலாளர் அதன்பின் போன் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். போன வாரம் பகலில் அவரை அழைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தேன்.

"இருக்கேன், இருக்கேன். இப்ப அசல்ல நிக்கிறேன், அப்புறம் பேசு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.