அண்ணனிடம் யாரும் கேட்காத கேள்வி

பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுவில் நான் செவிலியர். கண், பல், ரத்தசோகை என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, கொரோனாவுக்குப் பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்து, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய்விட்டதா. கடைசியாக, செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா.

அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்கு நாக்கு எழாது. கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, கேட்டால்தான் பிள்ளைகள் சொல்வார்கள் என்று பயிற்சியில் டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். அவரை நம்பித்தான் கேட்டேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பிளஸ் ஒன். எளாவூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எல்லாக் கேள்விக்கும், "நல்லாக்கீறேன் சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். கடைசிக் கேள்வியில் சிரிப்பு நின்றது.

"டெய்லி தோணுது" என்றாள். பிறகு அவசரமாக, "அம்மாகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர். அது தாங்காது. எங்கண்ணன் அப்டித்தான் செத்துப்போச்சு."

அண்ணன் முந்தைய வருஷம், பிளஸ் டூ படிக்கும்போது தற்கொலை செய்துகொண்டிருந்தான். சொந்தக்காரர்களிடம் மூளைக்காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அவன் பேரை யாரும் எடுப்பதில்லை.

"நான் அழுதா அம்மா பேஜாராயிடும். அதான் பாத்ரூம்ல தண்ணிய தொறந்து உட்டுக்கினு அழுவேன்" என்றாள்.

"இத நான் மறைக்க முடியாதும்மா. உன் உசுரு. ஆனா நீ பக்கத்துல இருக்கும்போதுதான் சொல்லுவேன்" என்றேன். தலையசைத்தாள். பள்ளியிலிருந்து அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டார்கள். அவர் வரும்வரை அவளை என் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டேன்.

அவர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை செய்பவர். ஷிப்ட்டிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையெல்லாம் கருப்புத் தூசி.

"இன்னா சிஸ்டர், எதுனா தப்பு பண்ணிச்சா?"

விஷயத்தைச் சொல்லி, திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் முகம் கடுத்தது.

"பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டரா? நாளைக்கி இத்த எவன் கட்டுவான்?"

அந்தப் பெண் தலையைத் தூக்காமலே, "நைனா, அண்ணனுக்குத் தோணுன மாரியே எனக்கும் தோணுது" என்றாள்.

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். "இன்னா கேட்டீங்க இத்த?" என்றார். சொன்னேன்.

"என்னையும் கேளுங்க."

ஒவ்வொன்றாகக் கேட்டேன். தூக்கமில்லை. சாப்பாடு இறங்கவில்லை. "டூட்டிக்குப் போறேன், ஊட்டுக்கு வரேன். அவ்ளோதான்." கடைசிக் கேள்விக்கு மகளைப் பார்த்தார். அப்புறம் ஆமாம் என்று தலையசைத்தார்.

"ஏன் நைனா சொல்லல?" என்றாள் அவள்.

"ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சத்தம்போட்டு அழுதார்கள். எனக்கு வேறு பிள்ளைகளைக் கூப்பிடத் தோன்றவில்லை.

மறுநாள் அவர்களுடன் நானும் திருவள்ளூருக்குப் போனேன். அம்மாவும் வந்திருந்தார். முந்தின ராத்திரியே மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். டாக்டர் பெண்ணையும் அப்பாவையும் தனித்தனியாகப் பார்த்து இருவருக்குமே மாத்திரை எழுதினார். ஆபத்தான பொருள் எதையும் வீட்டில் கைக்கெட்டும்படி வைக்கக் கூடாது, கொஞ்ச நாளைக்கு இருவரையும் தனியாக விடக் கூடாது என்றார். அம்மாதான் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார். அவர்களைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் இப்போது அவர் ஒருவர்தான்.

மாத்திரை வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அம்மா என் பக்கம் திரும்பினார்.

"எம்புள்ளையும் அதே ஸ்கூல்லதான் படிச்சான். அவன ஏன் யாரும் கேக்கல?"

அவன் படித்தபோது எங்கள் குழு அந்தப் பள்ளியில் இதையெல்லாம் கேட்க ஆரம்பித்திருக்கவில்லை. அதுதான் உண்மை. அவர் கையைப் பிடித்தேன். மெல்ல விடுவித்துக்கொண்டார்.

அந்தப் பெண் சட்டென்று தேறிவிடவில்லை. நடுவில் மாத்திரையை நிறுத்திவிட்டாள். நிலைமை மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்தது. அப்பா லீவு போட்டுக் கூடவே இருந்தார். தன் மாத்திரையை அவள் கண்ணெதிரே போட்டுக்கொள்வாராம், அவளும் போடட்டும் என்று. இப்போது பொன்னேரியில் காலேஜ் போகிறாள். எப்போதாவது எனக்கு போன் செய்வாள். எதைப் பற்றியாவது பேசிவிட்டு, "இன்னிக்கி அவன் நெனப்பு வந்துச்சு சிஸ்டர்" என்பாள். கேட்டுக்கொண்டிருப்பேன்.

சென்ற மாதம் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். பொண்ணு எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"துன்னுது, தூங்குது" என்றார்.

"நீங்க?"

பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பக்கத்திலேயே நின்றேன். அவருடைய பஸ் வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தோடு ஏறிப்போனார்.