மூன்று மாதம் என்று சொன்னவள்

எல்லம்மாவுக்குத் திருமுல்லைவாயில். புருஷன் செத்த பிறகு அண்ணன் எத்திராஜ் வீட்டில் இருந்தவள், 1934-ல் பட்டணத்தில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு நாளும் அங்கேயே படுக்கை. ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வருவாள்.

அவள் வார்டில் முப்பத்திரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தி வடிவு, நசரத்பேட்டைக்காரி. பிள்ளைப்பேற்றில் புத்தி கலங்கிப் பேச்சும் நின்றுபோனவள். யாரையும் அடிக்க மாட்டாள். கதவு திறந்திருந்தால் மட்டும் வெளியே நடந்துவிடுவாள். ஒண்டியாக அத்தனை பேருக்கும் சோறு போடும் நேரத்தில், எல்லம்மா அவள் கைகளைக் கிழிந்த சேலையால் கட்டிலோடு கட்டிவைத்தாள். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் யாரையும் கட்டக் கூடாது என்பது சட்டம். அது அவளுக்குத் தெரியும். முதலில் சோற்று வேளைக்கு மட்டும் கட்டினாள். பிறகு துணி துவைக்கும்போதும், பிறகு, தான் கொஞ்சம் கண்ணயரும்போதும்.

மாதம் ஒருமுறை சர்க்கார் நியமித்த பார்வையாளர்கள் வந்து நோயாளிகளை நேரில் பார்ப்பார்கள். அதுவும் சட்டம்தான். ஒரு மாதம் அவர்களில் ஒருவரான வக்கீல், வடிவின் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். தோல் கன்றிப் புண்ணாகியிருந்தது. எப்படி வந்தது என்று வடிவையே கேட்டார்.

"அவளே கடிச்சிக்கினா, ஐயா," என்றாள் எல்லம்மா.

அவர் அதை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர்கள் படியிறங்கியதும் வடிவு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் சேர்த்து எல்லம்மாவிடம் நீட்டினாள்.

அதற்குப் பிறகு எல்லம்மா அவளைக் கட்டவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்த ஞாயிறு வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். அண்ணி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள்.

அடுத்த மாதம் வக்கீல் வந்ததும் தானாகவே எதிரில் போய் நின்றாள்.

"போன மாசம் பொய் சொன்னேன், ஐயா. நாந்தான் கட்டிப்போட்டேன்."

எத்தனை நாளாக என்று அவர் கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "மூணு மாசமா," என்றுதான் அவள் வாயில் வந்தது.

வேலை போய்விடும் என்று நினைத்திருந்தாள். அவரோ, அந்த வார்டுக்கு இன்னொரு ஆயா வேண்டும் என்று எழுதினார். கேட்காமலே உண்மையைச் சொன்னவளை நீக்கக் கூடாது என்றும் எழுதினார். வரலட்சுமி என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். வடிவின் புண் ஆறியது. பேச்சு திரும்பவில்லை.

எத்திராஜ் ஊரெல்லாம் தங்கை பெருமையைப் பேசினான். எல்லம்மா ஞாயிறுகளில் ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் தாங்காமல் அவனிடம் சொன்னாள்.

"மூணு மாசம் இல்லண்ணா. ஒரு வருசத்துக்கு மேல."

அதான் எல்லாம் முடிஞ்சிபோச்சே, உடு என்றான் அவன்.

அந்த வக்கீல் பார்வையாளராக வந்துகொண்டிருந்த வரைக்கும் மாதாமாதம் அவளைப் பெயர் சொல்லி விசாரிப்பார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள்.