லவ்டேயின் சிலந்தி நண்டுகள்

லவ்டே ஹாஸ்கனுக்கு வரிசை என்றால் உயிர். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையோரத்தில் எல்லாருக்குமே அந்தக் கிறுக்கு உண்டுதான். ஆனால் இவளுக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. மகளைப் பெறப் போன அன்று, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மருத்துவமனையில் நிற்கிறாள். முன்னால் விரல் சுளுக்கிய ஒரு மனுஷர். நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தால், "அவர் எனக்கு முன்னாடி வந்தவரும்மா, பாவம்" என்கிறாள். பிள்ளை நடைவழியிலேயே பிறந்தது. அதற்கு அம்மாவின் பொறுமை இல்லை.

இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு படகும் அவள் பொறுப்பு, கடல்நீர்த் தொட்டிகள் வைத்த லாரியும் அவள் பொறுப்பு. தம்பி ஜோரி ஒருத்தன் உண்டு. ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். படகில் நண்டுக் கூண்டு இழுப்பான். லாரியில் அக்கா ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து, கறி அடைத்துச் சுட்ட பேஸ்டி தின்பான்.

கூண்டில் விழுவதெல்லாம் சிலந்தி நண்டு. நெடுநெடுவென்று கால், முதுகெல்லாம் முள். ஊரில் ஒருத்தரும் அதை வாயில் வைக்க மாட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், பிரான்சின் பிரெட்டன் கரையில், அதற்கு அடிதடி. அங்கே எர்வே கெர்மாரெக் என்ற வியாபாரி இருபத்திரண்டு வருஷமாக அவள் நண்டு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டிருந்தார். எர்வே இல்லையென்றால் படகு இல்லை, விஷயம் அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான், ஐரோப்பியக் கூட்டமைப்பில் நாடு இருக்கலாமா, விலகலாமா என்று ஓட்டு வந்தது. லவ்டே ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"விலகினா ஒரு பிரெஞ்சுப் படகு நம்ம கடல்ல தலை காட்டாது. எத்தனை வருஷமா நம்ம நண்டை அள்ளிட்டுப் போறானுங்க!"

"நம்ம நண்ட வாங்கறதே பிரெஞ்சுக்காரங்கதானே, அக்கா?" என்றான் ஜோரி.

"எர்வே வேற, பிரெஞ்சுக்காரன் வேற. வாய மூடிட்டுத் தின்னு."

ஓட்டுச்சாவடியில் அன்று நல்ல வரிசை. ரொம்ப சந்தோஷமாக நின்று குத்திவிட்டு வந்தாள்.

முன்பெல்லாம் காலையில் பிடித்த நண்டு மதியம் கப்பலேறும், மறுநாள் சந்தையில் இருக்கும். கேள்வி கேட்க நாதியில்லை. விலகிய பிறகு வந்ததே காகிதம்! நண்டு எங்கே பிடிபட்டது, எந்தத் தண்ணீரில் இருந்தது, ஆரோக்கியமா, அதன் உத்தேசம் என்ன என்று கற்றை கற்றையாக. நண்டின் உத்தேசம் யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கால்நடை மருத்துவர் வந்து, பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். வந்தவள் ரோசியோ, ஸ்பெயின்காரி.

"ஐரோப்பாவ விட்டுப் போனதுக்கு ஐரோப்பாக்காரி கையெழுத்தா?" ஜோரி விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிங்க, சிரிங்க. நான் வரலைன்னா உங்க நண்டெல்லாம் இந்தத் தொட்டியிலேயே கல்யாணம் பண்ணிக் குடும்பம் நடத்தும்" என்று சொல்லிக்கொண்டே அவள் முத்திரை குத்தினாள்.

அப்படியே ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது. அந்த வசந்தத்தில் மூன்று லோடு தாமதம். ஒரு முறை தேதி தப்பு, ஒரு முறை பக்கம் குறைவு, ஒரு முறை காரணமே தெரியவில்லை. எர்வே போன் பண்ணினார்.

"லவ்டே, செவ்வாய்ச் சந்தையிலதான் ஓட்டல்காரங்க வாரம் முழுக்கக் கணக்கா வாங்கிட்டுப் போறாங்க. புதன்கிழமை வர்ற நண்ட வெச்சுக்கிட்டு நான் என்ன, தாயமா ஆடறது? இந்தத் தடவை செவ்வாய்க்குள்ள வரலைன்னா நான் வேற வழி பாத்துக்கறேன். கோவிச்சுக்காத."

"வந்துடுவேன் எர்வே. இது சத்தியம்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் துறைமுகத்துக்கு வெளியே, காகிதம் பார்க்கிற திடலில், லாரி நின்றது. மதியம் இரண்டு மணிக்குக் கப்பல். ஒரு பக்கம் தேதி, மறுபக்கம் முத்திரை, எல்லாம் கனகச்சிதம். ரோசியோவே இரண்டு முறை சரிபார்த்திருந்தாள். வாசலில் மேசை நாற்காலி ஏற்றிய ஒரே ஒரு லாரி. லவ்டே அதன் பின்னால் அழகாகச் சேர்த்து நிறுத்தினாள்.

"பாத்தியா, ரெண்டாவது ஆளு நாம! கையெழுத்து வாங்கிட்டுத் தூங்கக்கூடப் போகலாம்."

ஒன்பதானது. பத்தானது. வாசல் திறக்கவில்லை. பின்னால் லாரி மேல் லாரியாக வந்து சேர்ந்தது, பதினோரு லாரி. ஒருத்தராவது இறங்கி வந்து, 'ஐயா, இது எதுக்கு நிற்கிற வரிசை?' என்று கேட்க வேண்டுமே! ஊஹூம். முன்னால் நிற்பவரைத் தொந்தரவு செய்வதா? அவர்கள் செத்தாலும் செய்ய மாட்டார்கள். ஆளாளுக்கு பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் குடித்தார்கள். தட்பவெப்பம் பரவாயில்லை என்று ஜன்னல் வழியே ஒப்புக்கொண்டார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவன் போலந்துக்காரன், பெயர் ஸ்பிக்னியெவ். ஐந்து நிமிஷம் பொறுத்தான். பிறகு இறங்கி, விறுவிறுவென்று எல்லாரையும் தாண்டி நடந்துபோய், முன்னால் நின்ற மேசை நாற்காலி லாரியின் கதவைத் தட்டினான். ஏறிப் பார்த்தான். இறங்கி லவ்டேயிடம் வந்தான்.

"மேடம், உள்ள ஆளே இல்ல. இஞ்சின் ஜில்லுன்னு கெடக்கு. பழுதுன்னு சீட்டு எழுதி ஒட்டிட்டு நேத்தே போயிட்டான். இது பூட்டின வாசல். திறந்த வாசல் அந்தக் கொட்டகைக்குப் பின்னாடி இருக்கு. அங்கே வரிசை நல்லா ஓடுது. நீங்க ஏன் இங்க நிக்கறீங்க?"

லவ்டேக்கு முகம் செத்துப்போயிற்று. நான்கு மணி நேரம்! அதுவும் தனியாக இல்லை. பின்னால் பதினோரு பேரையும் நிறுத்திவைத்தவள் அவள்தான். ஒவ்வொரு லாரியாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர்களும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அதில் இருபது நிமிஷம் போயிற்று.

கொட்டகையைச் சுற்றிப் போனால் முப்பது லாரி நிற்கிறது.

"அக்கா, நேரா முன்னாடி போய் நுழைஞ்சுடு. காலைல எட்டு மணிக்கு வந்தோம்னு சொல்லிக்கலாம்" என்றான் ஜோரி.

"வரிசைல நுழையறதா?"

"அக்கா! எர்வே! படகு!"

அவள் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை முன்னால் விட்டாள். வாழ்க்கையில் முதல் முறை. வாசலருகே ஒரு கிழவர் தன் லாரியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, தொப்பியைத் தொட்டு, "வாங்க வாங்க" என்று இடம் விட்டார். திட்டியிருந்தால்கூட நுழைந்திருப்பாள். அந்த மரியாதை தாங்கவில்லை. "மன்னிச்சுக்கோங்க, தப்பா வந்துட்டேன்" என்று சொல்லி வண்டியைத் திருப்பி, முப்பத்தோராவது ஆளாகப் போய் நின்றாள். ஜோரி தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டு மணிக் கப்பல் கண்ணெதிரே போயிற்று. மறுநாள் கப்பலில் ஏறி, புதன்கிழமை காலை எர்வேயின் கிடங்கு வாசலில் போய் நின்றார்கள். எர்வே தொட்டியின் மூடியைத் திறந்தார். நண்டுகள் காலை ஆட்டின. ஒன்றுகூடச் சாகவில்லை.

"அருமையான நண்டு. இந்த லோட எடுத்துக்கறேன். இதுதான் கடைசி, லவ்டே."

"இப்படி நண்டு உனக்கு வேற எங்க கெடைக்கும்?"

எர்வே தரையைப் பார்த்தார். "உங்க கடல்லதான். எங்க ஊர்ப் படகுங்களுக்கு அங்க பிடிக்க இன்னும் அனுமதி இருக்கு. ராத்திரி பிடிச்சா காலைல நேரா இங்க வந்து எறக்கிடறாங்க. எங்க படகு, எங்க துறை. ஒரு காகிதம் கெடையாது."

"எங்க கடல்லயா?"

"உன் கூண்டுக்குப் பக்கத்துலயே."

லவ்டே தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எர்வேயிடம் இத்தனை வருஷமாக மறைத்து வைத்திருந்தது தொண்டைக்கு வந்துவிட்டது.

"எர்வே, விலகணும்னு நானும்தான் ஓட்டுப் போட்டேன்."

"தெரியும். ஜோரி அப்பவே சொல்லிட்டான். உன்கிட்ட வாங்கறத நான் நிறுத்தினேனா?"

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. திட்டித் தொலைக்கக்கூடாதா இந்த மனுஷன்! எர்வே தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அதில் மீன் வாடை அடித்தது. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள், மறுபடி அழுதாள். நண்டையெல்லாம் இறக்கி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

திரும்புகிற கப்பலில், காலித் தொட்டி லாரியைக் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டு இரண்டு பேரும் மேலே காற்று வாங்கினார்கள்.

"டேய் ஜோரி, படக வித்துட்டா நீ என்னடா பண்ணுவ? அந்த பிரெஞ்சுப் படகுல கூண்டு இழுக்க ஆள் வேணுமான்னு எர்வேகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். ஆள் வேணுமாம். நாளைக்கே வரச் சொன்னாரு."

"அப்புறம் என்னடா?"

"வேலைக்கு விசா வேணுமாம், அக்கா."