எதற்கும் உதவாத செடி

காலை வேலையெல்லாம் முடித்துக் குளித்துவிட்டு, நைட்டியோடு கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் உட்காருவேன். ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பழைய சோறும் முந்தின நாள் கருவாட்டுக் குழம்பும் சாப்பிடுவேன். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் என் காதில் விழாது. ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர், மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணத்தில் மாடி கட்டினார். படிக்கட்டை எங்கள் கொல்லைப் பக்கமாக வைத்துவிட்டார். எங்கள் தெருவில் செல்போனுக்கு டவர் சரியாகக் கிடைக்காது. அந்தப் படிக்கட்டின் உச்சியில் நின்றால் மட்டும் மகன் பேசுவது தெளிவாகக் கேட்கும் என்று கண்டுபிடித்தார். அங்கே மகனுக்குச் சாப்பாட்டு வேளை வருவதும் இங்கே நான் கிண்ணத்தோடு வருவதும் ஒரே சமயம்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு சத்தம் போட்டு முடித்திருப்பேன். மரியாதை தெரிந்த மனிதர், பார்த்துவிட்டு விசாரிக்காமல் போகமாட்டார்.

"என்ன அண்ணி, பழைய சோறா? சாப்பிடுங்க, சாப்பிடுங்க." உடனே போனில், "ஒண்ணுமில்லப்பா, நம்ம பெரியம்மா சாப்புடுறாங்க."

நான் சாப்பிடுவது சிங்கப்பூர் வரை போய்விட்டது. மறுநாளிலிருந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஒதுங்கினேன். அந்தப் புழுக்கத்தில் சோறு இறங்கவில்லை. சில நாள் அழுகைகூட வந்தது.

சுவர் எழுப்பச் சொன்னேன் என் வீட்டுக்காரரிடம்.

"அவன் மாடி கட்டுன கையோட நாம சுவர் எழுப்புனா, வயித்தெரிச்சல்னு ஊரே பேசும். செடி வச்சா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. அவரே வாய்க்கால் கரையிலிருந்து நொச்சியும் ஆடாதொடையும் ஒடித்துவந்து வேலியோரம் நெருக்கமாக நட்டார். ஆடு வாய் வைக்காது, வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் என்றார். சொன்னபடியே மழையில் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷம் படிக்கட்டை மறைத்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரரின் குரல் மட்டும் வந்தது. நான் மறுபடியும் கல்லில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரைப் போல உண்டா என்று வேதாரண்யத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன்.

வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. புரட்டாசியில் அதே தங்கை வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டுத் திரும்பினால், கொல்லையில் வெயில் கொட்டிக் கிடக்கிறது. வேலியில் முழங்கால் உயரத்துக்குக் குச்சிகள் மட்டும் நின்றன.

"நடவுக்கு முன்னாடி வயலுக்குத் தழை போடணும்ல? வெளியில எங்கயும் கிடைக்கல. நம்ம கொல்லையில இவ்வளவு இருக்கேன்னு அறுத்துக் கொண்டுபோய்ச் சேத்துல மிதிச்சு விட்டாச்சு. ரெண்டு மா நெலத்துக்குத் தாராளமா வந்துச்சு" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இந்த ஊர் ஆம்பிளைகளுக்குப் பச்சையாக எது கண்ணில் பட்டாலும் எருவாகத்தான் தெரியும்.

மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. "வந்துட்டீங்களா அண்ணி? கொல்லை பளிச்சுன்னு ஆயிட்டு பாருங்க!"

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை எழுத முடியாது. "திரும்பத் தழையத்தானே போவுது" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தழையும்தான். அடுத்த புரட்டாசிக்கு இவர் அரிவாளோடு வந்து நிற்பாரே!

வேறு என்ன வைக்கலாம் என்று யோசித்தேன். பூவரசு வைத்தால் அதுவும் வயலுக்குப் போகும். அகத்தி வைத்தால் மாட்டுக்குப் போகும். செம்பருத்தி வைத்தால் தெருவே பூப்பறிக்கக் கொல்லைக்குள் வரும். உபயோகமுள்ள எதுவும் எனக்கு மிஞ்சாது என்று அப்போதுதான் உறைத்தது.

பேராவூரணிக்குப் பஸ் ஏறி ஒரு நர்சரிக்குப் போனேன்.

"எப்பவும் பச்சையா இருக்கணும், உசரமா வளரணும், எதுக்கும் உதவக் கூடாது" என்றேன்.

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். "எல்லாரும் காய்க்குமா, பூக்குமான்னு கேப்பாங்க. நீங்க என்னக்கா இப்படிக் கேக்குறீங்க?" என்று சொல்லி, வரிசையாக நின்ற நெட்டிலிங்கக் கன்றுகளைக் காட்டினாள்.

"மாடு திங்குமா?"

"மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"எருவுக்கு?"

"மக்கவே மக்காதுக்கா. கல்யாணப் பந்தலுக்கு வேணா ஒடிப்பாங்க."

எங்கள் வீட்டில் இனிமேல் கல்யாணம் இல்லை. லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். குழியை நானே வெட்டினேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, வேலையத்த வேலை என்று சொல்லிக்கொண்டே வயலுக்குப் போய்விட்டார். அவை வளரும் வரை கொடியில் பழைய புடவைகளைத் தொங்கவிட்டுச் சமாளித்தேன்.

நட்ட மூன்றாம் வருஷம், இந்தப் புரட்டாசியில், மரங்கள் படிக்கட்டைத் தாண்டிவிட்டன. அடி முதல் நுனி வரை இலை, ஒரு சந்து இல்லை. நான் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் அரிவாளோடு வந்தார். கீழே இருந்த நொச்சியை அறுத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தார்.

"இது வயலுக்கு ஆவாதா?"

"ஆவாது. மக்காது."

"மாட்டுக்கு?"

"திங்காது."

"பின்ன எதுக்குத்தான் ஆவும்?"

"எனக்கு ஆவும்" என்றேன்.

என்னைப் பார்த்தார், விரித்துப் போட்ட தலையைப் பார்த்தார், மடியிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அரிவாளைக் கொட்டகைக் கூரையில் செருகிவிட்டு, கைபம்பில் ஒரு வாளி அடித்துக் கொண்டுவந்து, அந்த மரங்களுக்கு முதல் தடவையாகத் தண்ணீர் ஊற்றினார்.