மார்கழியில் வியர்த்த கண்ணாடி

கோச்சடையில் நான் வீடு கட்டியபோது, தெருவிலேயே எங்கள் வீட்டுக்குத்தான் கண்ணாடி ஜன்னல். டவுனில் இடித்த ஒரு பங்களாவிலிருந்து வாங்கி வந்தேன். பின்னால் நடந்ததை அந்தப் பெருமைக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கடவுள் மேல் பழி போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த மார்கழியில் என் மனைவிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பெற்றவள் மேல் பனிக்காற்று படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஜன்னல் இருந்த அறையைச் சாத்தி, மூலையிலேயே அடுப்பு மூட்டி, நொச்சி இலை போட்டு அண்டாவில் வெந்நீர் கொதித்தபடி இருக்கும். எல்லாவற்றையும் என் அக்காதான் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பார்த்தேன். கண்ணாடியின் உட்புறமெல்லாம் நீர். சுவரில் வழிந்து பாயின் ஓரத்தை நனைத்திருந்தது. ஆற்றுப் பக்கத்துப் பனிதான் இடுக்கு வழியாக இறங்குகிறது என்று நினைத்தேன். கூழ் காய்ச்சி, பழைய காகிதத்தைக் கிழித்து, சட்டத்தின் இடுக்கையெல்லாம் ஒட்டி அடைத்தேன். மறுநாள் இன்னும் அதிகமாக வழிந்தது. கதவடியில் சாக்கையும் சொருகினேன்.

ஜன்னலைப் பொருத்திய ஆசாரியை வரவழைத்துச் சத்தம் போட்டேன். தீட்டு வீடு என்பதால் அவர் உள்ளே வரவில்லை. தெருவில் நின்றே கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

"வெளிப்பக்கம் காஞ்சு கெடக்குண்ணே. பனி உள்ள வரல. அடுப்பு ஆவியும் பொகையும்தான் போக வழியில்லாம நிக்குது. அடுப்பைக் கொல்லைக்கு மாத்துங்க. ஜன்னல் மேல்கதவை ரெண்டு விரக்கடை தொறந்து வைங்க."

அக்கா உள்ளிருந்தே கேட்டாள்: "ஏன் ஆசாரி, நீ எத்தனை பேருக்குப் பிரசவம் பாத்திருக்க? பச்சை ஒடம்புக்காரிக்குச் சன்னி கண்டா ஒன் உளியை வச்சா செதுக்கி எடுப்ப?"

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்குள் பிள்ளைக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. என் மனைவி என்னிடம் எதையும் கேட்டுப் பழகாதவள். அன்று கேட்டாள்.

"பிள்ளைக்கு நெஞ்சு இழுக்குதுங்க. செத்த நேரம் தொறந்து விடுங்களேன்."

சாமி பார்த்துக்கொள்ளும், பேசாமல் படு என்றேன். தீட்டு என்று பிள்ளைக்குத் திருநீறுகூட இடவில்லை. தெருவில் மார்கழி பஜனை வந்தது. வாசலில் நின்று, எட்ட இருந்தே கும்பிட்டேன். ஆசாரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஏழாம் நாள் பிள்ளை போய்விட்டான். பெயர்கூட வைத்திருக்கவில்லை. குளிர்தான் எப்படியோ உள்ளே புகுந்துவிட்டது என்று அக்கா அழுதாள். விதி என்றார்கள் மற்றவர்கள். எனக்கு அந்தச் சொல் வசதியாக இருந்தது.

அன்றே அடுப்பை எடுத்துவிட்டோம். காகிதத்தைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் விடியலில் கண் விழித்தபோது என் மனைவி ஜன்னலருகே நின்றிருந்தாள். வெளியே அதே பனி. இடுக்குகள் நான் ஒட்டியபடியே இருந்தன. கண்ணாடியில் மட்டும் சொட்டு ஈரமில்லை.

அவள் உள்ளங்கையால் அதைத் தடவி, கையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"காஞ்சிருச்சு, பாத்தீங்களா."

பிறகு நகத்தால் காகிதத்தைச் சுரண்டத் தொடங்கினாள். பஜனை எங்கள் வாசலைக் கடந்து போனது. நான் எழுந்து கும்பிடப் போகவில்லை.