ஒத்தையாளின் படை

என் மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்கு உரசி, மயிரிழைகூட இடைவெளி இல்லாமல் பொருத்திக் கொடுப்பார். அவர் பொருத்திய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருவர் புயலில் மாட்டிக்கொண்டாராம். குடை போயிற்று, சட்டை போயிற்று, செருப்பு இரண்டும் போயிற்று. லென்ஸ் மட்டும் அசையவில்லை. இதில் புயல் அடித்தது வரைக்கும் உண்மை.

அப்படிப்பட்ட கைக்காரர் வீட்டில் தொட்ட எதையும் முடித்தது கிடையாது. ஒருமுறை ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தார். முதல் கம்பி பளபளவென்று வந்தது. இரண்டாவது கம்பிக்குப் போகும்போது முதல் கம்பியில் ஒரு புள்ளி கண்ணில் பட்டுவிட்டது. திரும்பவும் முதல் கம்பி. திரும்பவும் ஒரு புள்ளி. இன்றைக்கும் அந்த ஜன்னலில் ஒரு கம்பி விருந்துக்குக் கிளம்பியது போல நிற்கும். மற்றவையெல்லாம் இப்போதுதான் தூங்கி எழுந்தது போல நிற்கும்.

அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. டயர் கடைக்கு மேலே ஒரு ஹாலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் கூடும். பெரிய மேஜை. அதன்மேல் தெர்மாகோலில் செதுக்கிய மலை, கம்பியில் முறுக்கிய காடு. இரண்டு பக்கமும் கட்டைவிரல் உயரத்துக்குப் பொம்மைப் படைகள்: குதிரை வீரர்கள், எலும்புக்கூடுகள், அரக்கர்கள், தாடி வைத்த மந்திரவாதிகள். பகடை உருட்டி, அளவு நாடாவால் அளந்து நகர்த்திப் போர் செய்வார்கள். எல்லாரும் மீசை நரைத்தவர்கள், வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள்! பொம்மைகள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகத்தான் பெட்டியில் வரும். ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் அவரவர் பாடு. அந்த ஹாலில் ஒரே ஒரு கண்டிப்பு. வண்ணம் தீட்டாத பொம்மைக்கு மேஜையில் இடம் இல்லை.

மாப்பிள்ளை தீட்டி முடித்தது ஒன்றே ஒன்று. ஒரு குட்டிச்சாத்தான். தொப்பை, கூர் காது, கையில் ஈட்டி. அதை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். மூக்கின்மேல் ஒரு மரு, மருவின்மேல் ஒரு ரோமம், ரோமத்தில் ஒரு வெளிச்சம். ஐந்து மாதம் ஆயிற்று அதற்கு. ஹாலுக்குப் போகும்போதெல்லாம் பஞ்சில் பொதிந்து அதையே கொண்டுபோவார். எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்து, "அடேயப்பா!" என்பார்கள். பிறகு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படைகளை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போவார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே அவருக்கு ஒத்தையாள் என்று பெயர்.

ஒரு நாள் அவருடைய கூட்டாளியான பஸ் டிரைவர் வீட்டுக்கு வந்தார். ஹாரனே தேவையில்லாத குரல்.

"என்ன ஒத்தையாளே, அடுத்த மாசம் டீம் மேட்ச் வருது. நானு, என் தம்பி, நீங்க. ஆளுக்கு ஒரு படை."

"பண்ணிக்கிட்டு இருக்கேன் சார்."

"ஏழு வருஷமா பண்ணிக்கிட்டுதானே இருக்கீங்க? இங்க பாருங்க, பிளம்பர் ரெடியா நிக்கறாரு. அவர்கிட்ட எலும்புக்கூடு எண்பது இருக்கு. செவுத்துக்கு வெள்ளை அடிச்ச மாதிரிதான் இருக்கும், ஆனா எண்பது! எனக்கு நீங்கதான் வேணும். ஒத்த ஆள வெச்சுக்கிட்டு நான் என்ன சண்டையா போட முடியும்? இந்தத் தடவையும் படை வரலைன்னா உங்க இடம் பிளம்பருக்குப் போயிடும். அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

டிரைவர் போன பிறகு மாப்பிள்ளை அந்த ஒற்றைக் குட்டிச்சாத்தானைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர் மேஜைக்குப் போக ஆசைப்படவில்லை என்று யார் சொன்னது?

என் மகள் பிஸ்கட் கம்பெனியில் சூப்பர்வைசர். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, அந்தப் பெட்டில மொத்தம் எத்தனை இருக்கு?"

"அறுபது."

"ஒண்ணுக்கு அஞ்சு மாசம். இருபத்தஞ்சு வருஷம் ஆகும். அதுக்குள்ள டிரைவரும் ரிட்டயர் ஆயிடுவாரு, பஸ்ஸும் ரிட்டயர் ஆயிடும்."

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்லீங்க. எங்க கம்பெனில ஒரு பிஸ்கட்டுக்கு மாவு பிசைஞ்சு, அத சுட்டு, ஆற வெச்சு, கவர் போட்டுட்டு, அப்புறமா ரெண்டாவது பிஸ்கட்டுக்கு மாவு பிசையறோமா? பச்சைன்னா அறுபதுக்கும் பச்சை. அது முடியற வரைக்கும் வேற டப்பாவத் தொறக்கக் கூடாது. எதையும் திரும்பிப் பாக்கக் கூடாது."

"அதுல ஏதாவது தப்பு வந்துட்டா?"

"அறுபதுலயும் ஒரே மாதிரி வரும். யாருக்கும் தெரியாது."

சாப்பாட்டு மேஜை அன்றைக்கே பறிபோயிற்று. நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குக் குடிபெயர்ந்தோம். ஒவ்வொரு பொம்மையையும் ஒரு சோடா மூடியின்மேல் ஒட்டினார், கை படாமல் பிடிக்க. நான்கு வரிசையாக நிறுத்தினார். கடைசியிலிருப்பதற்குப் பச்சை தீட்டி முடிப்பதற்குள் முதலாவது காய்ந்திருக்கும். உடனே பழுப்பு டப்பாவைத் திறந்து முதலாவதிலிருந்து பெல்ட். காத்திருக்கும் நேரமே கிடையாது. கடையில் அளவாகப் பேசும் அந்த மனிதர் இங்கே ஒரு தாளத்துக்கு வந்துவிட்டார். தொட்டு, தடவி, வைத்து, அடுத்தது. தொட்டு, தடவி, வைத்து, அடுத்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் நான் அப்பளம் பொரிப்பதையும் அந்தத் தாளத்திலேயே பொரித்தேன்.

ஆனால் பாதி வழியில் ஒரு கண்டம் வந்தது. ஒன்றை முழுதாக முடித்தால் கையில் ஒன்றாவது இருக்கும். இந்த முறையில் கடைசி நாள் வரைக்கும் கையில் ஒன்றுமே இருக்காது. அறுபதும் அரைகுறை. முகம் ஒரே பச்சைக் களி, கை கால் எல்லாம் ஒரே பழுப்பு. அசிங்கமென்றால் அப்படியொரு அசிங்கம். பல் தேய்க்காமல் பள்ளிக்கூடம் போகிற கூட்டம் மாதிரி நின்றன.

ஒரு மத்தியானம் குளியலறைக் கதவு வெகுநேரம் திறக்கவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. நான் தட்டினேன்.

"மாப்பிள்ளை, உள்ள என்ன பண்றீங்க?"

"குளிக்கறேன் அத்தை."

"தண்ணி இல்லாமயா?"

கதவு திறந்தது. இடது கையில் ஒரு குட்டிச்சாத்தான், வலது கையில் பிரஷ், காதில் இன்னொரு பிரஷ். திருட்டுத்தனமாக ஒன்றை மட்டும் கொண்டுபோய் அதன் பெல்ட் கொக்கிக்குத் தங்க நிறம் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு அத்தை. ஒண்ணாவது முடிஞ்சு பாக்கணும் போல இருக்கு. அவகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஒண்ணு முடிஞ்சா உங்களுக்கு மத்த அம்பத்தொம்பதையும் பிடிக்காது. எனக்கு உங்களைத் தெரியாதா? குடுங்க இப்படி."

கொடுத்துவிட்டார். நான் அதை வரிசையில் கொண்டுபோய் வைத்தேன். மகளிடம் சொல்லவில்லை, சாயங்காலம் வரைக்கும்.

அடுத்த நாள் ஒரு குப்பியைத் திறந்தார். மைத்தண்ணீர் போல ஒரு கறுப்புக் கலவை. அதைத் தொட்டு ஒவ்வொன்றின் தலையிலிருந்து கால்வரை தாராளமாக வழிய விட்டார். போச்சு, இத்தனை நாள் பாடும் சாக்கடையில் போச்சு என்று நினைத்துக்கொண்டே காய்கறி வாங்கப் போனேன்.

திரும்பி வந்தவள் பையைக் கீழே வைக்க மறந்து நின்றேன். கறுப்பு மேடுகளிலிருந்து வடிந்து இறங்கி, பள்ளத்தில் மட்டும் தங்கியிருந்தது. கன்னத்துக்குக் கீழே ஒரு நிழல். விரலுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு கோடு. நெற்றியில் கவலை. தொப்பை மடிப்பில் சோம்பல். நேற்றுவரை களிமண்ணாக இருந்தது இன்றைக்கு ஆளாளுக்கு ஒரு முகமாக நின்றது. ஒன்று கோபித்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்குப் பசி. மூன்றாவது வரிசையில் ஒன்று என்னைப் பார்த்து மூக்கை உறிஞ்சியது என்று சொன்னால் என் மகள் நம்ப மாட்டாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள், எப்படித் தெரியும்? பிறகு பிரஷைத் துணியில் துடைத்துத் துடைத்து, வண்ணம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஆக்கி, மேடுகளின்மேல் லேசாக ஓட்டினார். ஈட்டி முனையில், காது விளிம்பில், முட்டியில் வெயில் விழுந்தது. எங்கள் சாப்பாட்டு அறைக்கு ஜன்னலே கிடையாது.

கடைசியாகக் கண்கள். வெள்ளை அறுபது ஜோடி, அதன்மேல் கறுப்புப் புள்ளி அறுபது ஜோடி. விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொன்றையும் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரு தொடல். உட்கார்ந்தவர் எழுந்திருக்காமல் முடித்தார். அறுபதாவது முடிந்ததும் விட்ட மூச்சில் வாசல் திரைச்சீலை ஆடியது. மேலே வார்னிஷும் அடித்தாயிற்று.

போட்டி அன்று காலையில்தான் சோடா மூடிகளிலிருந்து எடுத்து, ஒரு பெரிய தட்டில் அணிவகுத்து நிறுத்தினார். நிறுத்திவிட்டு எதிரே வந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அறுபதும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

முகம் நேராக, ஈட்டி நேராக. கண் மட்டும் ஓரமாக ஒதுங்கி, எல்லாம் ஒரே பக்கம். ஒன்றுகூடத் தவறவில்லை.

"என்னங்க இது?" என்றாள் மகள்.

"நேரா எதையுமே வெச்சுப் பாக்கலியே! நீதானே திரும்பிப் பாக்கக் கூடாதுன்ன! மாத்திடறேன். வெள்ளைய எடு. ஒண்ணொண்ணா மாத்திடறேன்."

அவர் கை ஏற்கெனவே முதலாவதை எடுத்துவிட்டது. அந்தக் கையை எனக்குத் தெரியும். ஜன்னலின் முதல் கம்பியைப் பிடித்த கை.

கீழே டிரைவர் ஹாரன் அடித்தார். பிறகு குரலாலும் அடித்தார்.

மகள் பிரஷைப் பிடுங்கவில்லை. அவர் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "நீங்க மாத்த ஆரம்பிச்சா இன்னிக்கும் நாற்காலிதான். மாத்தறதும் மாத்தாததும் உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் அந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது ஹாரன். மூன்றாவது ஹாரன். பிறகு அதை அதன் இடத்தில் வைத்தார். தட்டை என்னிடம் நீட்டினார்.

"நீங்க பிடிச்சுக்குங்க அத்தை. எங்கிட்ட இருந்தா நான் மாத்திடுவேன்."

டிரைவரின் வேனில் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வண்டி வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அவையெல்லாம், 'அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்' என்று சொல்வது போலவே இருந்தது.

எதிர் அணியில் மாப்பிள்ளைக்கு எதிரே நின்றவர் ஒரு பல் டாக்டர். அவர் படை கவசக் குதிரைகள், வெள்ளி வெள்ளியாக. மாப்பிள்ளை அறுபதையும் மேஜை ஓரத்தில் நிறுத்தினார். ஹாலில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு வந்தார்கள். பிளம்பரும் வந்தார்.

"ஒத்தையாள்தானா இது?" என்றார் பிளம்பர். பிறகு அவர் கழுத்து தானாகப் பொம்மைகள் பார்க்கும் பக்கம் திரும்பியது. எல்லாருடைய கழுத்தும் திரும்பியது. மேஜையின் அந்த மூலையில் ஒரு மண்மேடும் இரண்டு கம்பி மரங்களும் தவிர ஒன்றும் இல்லை.

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அந்த மூலையில என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லீங்களே," என்றார் மாப்பிள்ளை. உண்மையைத்தான் சொன்னார்.

"ஒண்ணும் இல்லாததையா அறுபது பேரும் அப்படிப் பாப்பாங்க?"

"சொல்லிட்டாருல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் டிரைவர், ஏதோ இருக்கிறது என்கிற குரலில்.

டாக்டர் நம்பவில்லை. தன் குதிரைகளில் பாதியைப் பிரித்து அந்த வெறும் மூலைக்குக் காவல் அனுப்பினார். அவை போருக்குத் திரும்பி வருவதற்குள் நடுவில் மாப்பிள்ளையின் கூட்டம் மலைமேல் ஏறிவிட்டது. ஜெயித்தார்களா என்று கேட்டால், டிரைவருக்குப் பகடை சரியாக விழவில்லை, தம்பிக்கு அதுவும் விழவில்லை, மொத்தத்தில் அணி தோற்றது. ஆனால் மலை எங்களுடையது. அந்த மலையை ஒரு மரியாதைக்காகவாவது நான் இமயமலை உயரம் என்று சொல்ல அனுமதிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து மற்றவர்கள் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை மேஜையைச் சுற்றி நடந்து அந்தக் காலி மூலைக்கு வந்தார். முட்டி போட்டு, முகவாயை மேஜை விளிம்பில் வைத்தார். பிறகு என்னைக் கையால் கூப்பிட்டார்.

"அத்தை, இங்க வந்து பாருங்களேன்."

என் முட்டி மடங்காது, இருந்தாலும் மடக்கினேன். மலைமேல் நின்ற அத்தனையும் எங்களையே பார்த்தன. அறுபது முகம், ஒரு முகம்கூட வேறு பக்கம் இல்லை. கோபித்துக்கொண்டது, பசித்தது, மூக்கை உறிஞ்சியது, எல்லாம்.

"எல்லாத்தையும் இடது கையில கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சிருந்தேன்," என்றார் மெதுவாக. "புள்ளி வெக்கும்போது ஒவ்வொண்ணும் என்னைத்தான் பாத்துச்சு."

மூக்கை உறிஞ்சிய அந்த ஒன்றைப் பார்த்து நான் தலையாட்டினேன்.

டிரைவர் பின்னால் வந்து நின்றார். "அடுத்த மாசமும் நீங்கதான். பிளம்பர்கிட்ட சொல்லிட்டேன். வேணும்னா அதுக்குள்ள கண்ண சரி பண்ணிக்குங்க, நேரம் இருக்கு."

மாப்பிள்ளை எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"வேண்டாம் சார். இது முடிஞ்சிருச்சு," என்றார். "ஓநாய் மேல ஏறி வர்ற குட்டிச்சாத்தான் ஒரு பெட்டி வருதாமே, எங்க கிடைக்கும்?"