கட்டிலை மாற்றச் சொன்ன பெண்

நர்ஸ் பற்றாக்குறை உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு எங்களைப் போன்றவர்களை மூன்று மாதம், ஆறு மாதம் என்று அனுப்பும் ஏஜென்சி ஒன்று மதுரையில் இருந்தது. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், தீபாவளிக்கு முந்தைய மாதங்களுக்கு, என்னை விருதுநகருக்கு அனுப்பினார்கள். பெண்கள் வார்டு. அப்பெண்டிக்ஸ், கர்ப்பப்பை ஆபரேஷன், சர்க்கரைப் புண், தீக்காயம் எல்லாம் ஒரே கூடத்தில். நான் கும்பகோணத்துக்காரி. பட்டாசு என்றால் வருஷத்துக்கு ஒரு நாள் காதைப் பொத்திக்கொண்டு நிற்பதோடு சரி. இங்கே சிவகாசி ரோட்டில் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தாலே போதும், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு வருகிறதோ என்று வாசலுக்கு ஓடுவேன். "அது பால் வண்டி சிஸ்டர், போய் வேலையப் பாருங்க" என்று மற்ற நர்ஸ்கள் கேலி செய்வார்கள். சில நாள் அது பால் வண்டியாக இருந்ததில்லை.

அப்போதுதான் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். வலது கை, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வெந்திருந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அடுப்பில் சுட்டுக்கொண்டாள் என்று அவள் அம்மா சொன்னார். அந்த வட்டாரத்தில் தீக்காயத்தோடு வருகிற எல்லோருக்கும் அடுப்புதான் எதிரி. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பட்டாசு வேலை பார்த்தது தெரிந்தால் போலீஸ் வரும். அதனால் அவர்கள் அடுப்பு என்பார்கள், நாங்களும் தலையாட்டிவிட்டு மருந்து போடுவோம்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் நன்றாக இருந்தவளுக்கு அப்புறம் நாடி தறிகெட்டு ஓட ஆரம்பித்தது. தூக்கமில்லை, சாப்பாடில்லை, உடம்பெல்லாம் வியர்வை. காய்ச்சல் மட்டும் இல்லை. புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால் கண்ணெதிரே ஆள் போய்விடும். தஞ்சாவூரில் அப்படி ஒருத்தியைப் பறிகொடுத்திருக்கிறேன். டாக்டர் ஊசியை மாற்றிப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். ஒன்றும் பிடிபடவில்லை.

அவள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, என்னைய வேற கட்டிலுக்கு மாத்துங்க."

"ஏன், இந்தக் கட்டில்ல முள்ளா குத்துது?"

"சும்மாதான் அக்கா. அந்தா, அந்தச் சன்னல்கிட்ட."

ஒரு மதியம் ஜன்னலோரக் கட்டில்காரி டிஸ்சார்ஜ் ஆனாள். காற்று வந்தால் தூங்குவாளோ என்று எனக்கும் ஒரு நப்பாசை. அந்தக் கட்டிலின் கால் ஒன்று ஆடும், அதனால் இவள் கட்டிலையே அங்கே தள்ளிவிடலாம் என்று ஆயாவைக் கூப்பிட்டேன். சக்கரம் இல்லாத இரும்புக் கட்டில்.

"வேண்டாக்கா, நான் எறங்கி நடந்துக்கிடுதேன்" என்றாள் அவள், முகம் வெளுத்து.

"மகாராணி மாதிரி உக்காரு, நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்று சொல்லி இழுத்தேன். கட்டில் கால் சிமெண்டுத் தரையில் கிரீச்சென்றது.

தண்ணீர் பிடிக்கப் போயிருந்த அம்மா வாசலிலேயே குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இழுக்காதீக சிஸ்டர்! உரசிரும்! உரசிரும்!"

குனிந்து பார்த்தேன். நோயாளிக்குத் துணைக்கு வருகிறவர்கள் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பது அங்கே வழக்கம். பாய்க்குப் பின்னால், நான் இழுத்த காலை ஒட்டி, ஒரு மஞ்சப்பை. அதன் வாயில் பேப்பர் சுற்றிய கறுப்புக் கட்டுகள், ஒரு பிளேடு. கருந்திரி. பட்டாசுக்குள் வைக்கிற, வெடிமருந்து தோய்த்துக் காயவைத்த, உரசினாலே தீப்பிடிக்கிற நூல். வீட்டிலிருந்து கொண்டுவந்து, போர்வை மறைவில் அந்த அம்மா உட்கார்ந்து, அளவாக வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த கட்டில் கிழவியின் ஆக்சிஜன் சிலிண்டர் ஒரு கை தூரத்தில் நின்றது. கட்டிலைப் பிடித்த கையை எடுக்கவே பயமாக இருந்தது.

பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கி அப்பால் நிறுத்தினோம். பையை அம்மா எடுக்க, நான் முன்னால் நடந்து வழிவிலக்கினேன். பின்வாசலில் வாட்ச்மேன் சாவகாசமாகப் பீடி இழுத்துக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் பீடியை அணைத்து, செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார். துணி துவைக்கும் தொட்டியில் பையை முக்கி, கறுப்புத் தண்ணீர் வரும்வரை அமுக்கிப் பிடித்தேன். அதன் பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது.

"அவ கை வெந்தது இதுலதானே?"

"வேற எதுல?" என்றார் அம்மா, தொட்டியைப் பார்த்துக்கொண்டே. "சீசன் சிஸ்டர். இப்பம் குடுக்கலேன்னா அடுத்த ஆர்டர் வேற வீட்டுக்குப் போயிரும். அவ இருந்தா ரெண்டு பேரு வெட்டுவோம். இப்பம் நான் ஒருத்தி. எங்கன வச்சு வெட்டச் சொல்லுதீக?"



வார்டுக்குத் திரும்பியபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நனைச்சுட்டீகளாக்கா?"

"நனைச்சாச்சு."

சத்தமில்லாமல் அழுதாள். "கண்ண மூடுனா கீழ வெட்டுத சத்தம் கேக்கும். எப்பம் தீப் புடிக்கும், எப்பம் புடிக்கும்னே கெடப்பேன். சன்னல் வெளிச்சத்துல அம்மா வெட்டாதுன்னுதான் கட்டில மாத்தச் சொன்னேன். சொன்னா அம்மாவப் போலீசுல குடுத்துருவீகன்னு சொல்லல."

"யார்கிட்டயும் குடுக்கல. இனிமே பயமில்லம்மா" என்றேன். "தோல் பிடிச்சுட்டா வீட்டுக்கே போயிடலாம்."

அம்மா எங்கே என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தணித்தாள்.

"அக்கா, இந்தத் தோலு புடிக்காமப் போறதுக்கு எதும் செய்ய முடியுமா?"

"என்ன பேச்சுடி இது?"

"கை சரியாயிருச்சுன்னா மறுபடியும் திரி வெட்ட உக்காத்திருவாக. சரியாகலேன்னா விட்டுருவாகல்ல?"

தலையணையைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் கட்டைப் பிரித்தார். நான் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒட்டிய தோல் இளஞ்சிவப்பாக, ஓரமெல்லாம் படிந்து, அழகாகப் பிடித்திருந்தது. "பிரமாதம், அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம்" என்றார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.